2039 வரை தள்ளிப்போன கெடு: நுனாவுட் பள்ளிகளில் தாய்மொழி ஏன் நான்காம் வகுப்பில் நின்றுவிடுகிறது?

கனடாவின் வடகோடியில் இருக்கும் நுனாவுட் ஆட்சிப்பகுதி 2008-ல் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று கல்விச் சட்டம். மற்றது இனுயிட் மொழிப் பாதுகாப்புச் சட்டம். 2019–20 கல்வியாண்டுக்குள் மழலையர் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை எல்லா நிலைகளிலும் இனுயிட் மொழியில் பாடம் நடத்தப்படும் என்று அவை உறுதியளித்தன. கெடு வந்தது. மேல்வகுப்புகளில் எதுவும் மாறவில்லை. 2020 நவம்பரில் கல்விச் சட்டத்தைத் திருத்தி, கெடுவைப் படிப்படியாக 2039 வரை தள்ளிவைத்தார்கள். அடுத்த ஆண்டே நுனாவுட் டுங்காவிக் என்ற இனுயிட் அமைப்பு, நுனாவுட் அரசின் மீது வழக்குத் தொடுத்தது.

நுனாவுட் மக்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் இனுயிட். சட்டமன்ற உறுப்பினர்களிலும் பெரும்பாலோர் அவர்களே. அப்படியிருக்க, தங்கள் மொழியைத் தங்கள் பள்ளியில் கொண்டுவர ஏன் முடியவில்லை? இனுயிட் அமைப்பே ஏன் நீதிமன்றம் போகிறது? செய்தியைப் படிப்பவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். விடை சட்டப் புத்தகத்தில் இல்லை. வகுப்பறையில் ஆசிரியராக யார் நிற்கிறார் என்பதில் இருக்கிறது.

முதலில் சில அடிப்படைகள்

இனுயிட் என்பவர்கள் வட அமெரிக்க ஆர்க்டிக்கின் தொல்குடியினர். நம் பழைய பாடநூல்களில் வந்த 'எஸ்கிமோ' என்ற பெயரைக் கனடாவில் அவர்கள் ஏற்பதில்லை. 2021 கணக்கெடுப்பின்படி கனடாவில் சுமார் 70,000 இனுயிட் இருக்கிறார்கள். அவர்களில் பத்தில் ஏழு பேர் தங்கள் தாயகமான நான்கு பகுதிகளில் வாழ்கிறார்கள்: மேற்கே இனுவியலுயிட், நடுவே நுனாவுட், கியூபெக்கின் வடக்கே நுனாவிக், லாப்ரடோர் கரையில் நுனாட்சியாவுட்.

நுனாவுட் இவற்றில் மிகப் பெரியது. கனடாவின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. மக்கள்தொகை 2021-ல் 36,858 மட்டுமே. மொத்தம் 25 ஊர்கள். ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் சாலை கிடையாது. ஆசிரியர், பாடநூல், பால் பவுடர் எல்லாம் விமானத்தில் வர வேண்டும். கனமான சரக்குகள் கோடையில் பனி விலகும் சில வாரங்களில் கப்பலில் வரும்.

மொழிக்கு இனுக்டுட் என்பது பொதுப்பெயர். அதன் கிளைகளில் இனுக்டிடுட் பெரியது. மேற்கே ஓரிரு ஊர்களில் பேசப்படும் இனுயின்னக்டுன் மிகவும் நலிந்துபோயிருக்கிறது.

ஒரே மக்கள், இரண்டு அமைப்புகள்

1993-ல் இனுயிட் மக்களும் கனடா அரசும் நுனாவுட் நில உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அதன் விளைவாக 1999 ஏப்ரல் 1 அன்று நுனாவுட் தனி ஆட்சிப்பகுதியானது. அங்கிருந்து இரண்டு தனித்தனி அமைப்புகள் செயல்படுகின்றன.

1. நுனாவுட் அரசு. இது பொது அரசு. இனுயிட்டுக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே ஆள்கிறது. பள்ளி, மருத்துவமனை, வீட்டுவசதி இதன் பொறுப்பு. செலவில் மிகப் பெரும் பகுதி மத்திய அரசு தரும் மானியத்திலிருந்து வருகிறது.

2. நுனாவுட் டுங்காவிக். ஒப்பந்தத்தில் இனுயிட் தரப்பின் சட்டப்பூர்வப் பிரதிநிதி. ஒப்பந்த உரிமைகள் காக்கப்படுகின்றனவா என்று கண்காணிப்பது இதன் வேலை.

எனவே வழக்கு இனுயிட்டுக்குள் நடக்கும் சண்டை இல்லை. ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு, வாக்குறுதியை நிறைவேற்றாத நிர்வாகத்தைக் கேள்வி கேட்கிறது. அதே ஒப்பந்தத்தின் 23-ஆவது பிரிவு, அரசு வேலைகளில் இனுயிட் பங்கு மக்கள்தொகைப் பங்குக்கு ஈடாக, அதாவது 85 விழுக்காடு வரை உயர வேண்டும் என்கிறது. நடப்பில் அது பாதியளவிலேயே பல ஆண்டுகளாக நிற்கிறது. இந்தப் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பற்றாக்குறையைப் பேசும்போது இது மறுபடி வரும்.

பள்ளி எப்படி அங்கே வந்தது

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இனுயிட் குடும்பங்கள் பருவத்துக்கேற்ப வேட்டை முகாம் மாறி வாழ்ந்தன. 1941-லிருந்து அரசு அவர்களுக்குப் பெயருக்குப் பதிலாக எண் பொறித்த வட்டத் தகடுகளைக் கொடுத்தது. 1950-களிலும் 60-களிலும் நிலையான ஊர்களும் பள்ளிகளும் எழுந்தன. பிள்ளைகள் பள்ளிக்காக எடுத்துச் செல்லப்பட்டார்கள். பிள்ளைகளைப் பிரிய மனமில்லாத பெற்றோர் முகாமை விட்டு ஊருக்கு வந்தார்கள். வேட்டைத் தன்னிறைவு ஒரு தலைமுறைக்குள் உடைந்தது.

செஸ்டர்ஃபீல்ட் இன்லெட் என்ற ஊரில் 1955 முதல் 1969 வரை இயங்கிய விடுதிப் பள்ளி இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. தாய்மொழி பேசத் தடை, பெற்றோரை விட்டுப் பல மாதப் பிரிவு, சிலருக்கு உடல்ரீதியான, பாலியல்ரீதியான வன்கொடுமை. அங்கே படித்தவர்கள் 1990-களில் இவற்றை வெளிப்படையாகப் பேசத் தொடங்கினர். பின்னாளில் நுனாவுட்டின் ஆணையராக இருந்த பீட்டர் இர்னிக் அவர்களில் ஒருவர். நுனாவுட் உருவாக உழைத்த தலைவர்களில் பலர் அதே பள்ளியிலிருந்து வந்தவர்கள் என்பதும் உண்மை. அவர்கள் தலைவர்களானதை வைத்து அந்தப் பள்ளியை நியாயப்படுத்த முடியாது. அந்தத் தலைமுறையினர் கேட்டது பள்ளியே வேண்டாம் என்பதில்லை. தங்கள் மொழியில், தங்கள் கட்டுப்பாட்டில் பள்ளி வேண்டும் என்பது.

கனடா முழுவதும் இத்தகைய விடுதிப் பள்ளிகளில் குறைந்தது 1,50,000 தொல்குடிப் பிள்ளைகள் படிக்க வைக்கப்பட்டதாக உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் பதிவுசெய்தது. 2015-ல் அது 94 பரிந்துரைகளை முன்வைத்தது.

இதை விளக்கக் காரணம் உண்டு. இன்றைய நுனாவுட் மாணவரின் தாத்தா பாட்டிக்குப் பள்ளி என்றால் பயம். அம்மா அப்பாவுக்கு ஆங்கிலமும் முழுமையாக வராத, இனுக்டிடுட்டும் பாதியில் நின்ற அனுபவம். வருகைப் பதிவு குறைகிறது என்று அதிகாரிகள் அங்கலாய்க்கும்போது இந்த வரலாறு பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

நான்காம் வகுப்பில் என்ன நடக்கிறது

பெரும்பாலான நுனாவுட் ஊர்களில் மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை இனுக்டிடுட்டில் பாடம். நான்காம் வகுப்பில் மொழி ஆங்கிலமாக மாறும். பார்வைக்கு இது நியாயமான சமரசம்போலத் தோன்றும். கெடுதல் எங்கே என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

1. குழந்தை ஒன்பது வயதில் பேசும் மொழி, வீட்டுப் பேச்சு மொழி. காரணம் சொல்லி வாதிடவும், பின்னத்தை விளக்கவும், ஒரு பத்தியின் சாரத்தைச் சொல்லவும் தேவையான மொழி அப்போதுதான் முளைவிடுகிறது. அந்த நேரத்தில் இனுக்டிடுட் நிறுத்தப்படுகிறது.

2. புதிய மொழியில் அன்றாடப் பேச்சு பழக ஏறத்தாழ இரண்டு ஆண்டு போதும். பாடம் படிக்கத் தேவையான மொழித்திறன் வர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும் என்பது இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் முதலானோர் நிறுவிய முடிவு. நான்காம் வகுப்பில் தொடங்கும் பிள்ளைக்கு அந்தத் திறன் கைகூடும்போது ஒன்பதாம் வகுப்பு தாண்டியிருக்கும். இடையில் நடத்தப்பட்ட அறிவியலும் கணக்கும் அரைகுறையாகவே உள்ளே போயிருக்கும்.

3. பிள்ளை ஆங்கிலத்தில் சரளமாக அரட்டை அடிப்பதைப் பார்த்து, மொழிச் சிக்கல் தீர்ந்தது என்று ஆசிரியர் நினைத்துவிடுகிறார். மதிப்பெண் குறைந்தால் அது சோம்பல் என்றோ கற்றல் குறைபாடு என்றோ பெயர் வாங்குகிறது. களத்தில் மிக அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

4. பல ஊர்களில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இடைநிற்றல் கூடுகிறது.

நீதிபதியாக இருந்த தாமஸ் பெர்கர், மத்திய அரசின் சமரசராக 2006-ல் தந்த அறிக்கையில் இதைத் தெளிவாக எழுதினார். அப்போது இனுயிட் பிள்ளைகளில் நான்கில் ஒருவரே பள்ளிப்படிப்பை முடித்தார்கள். இந்த அமைப்பு பிள்ளைகளை இரண்டு மொழியிலும் முழுத் திறன் இல்லாமல் வெளியே அனுப்புகிறது, அதனால்தான் 23-ஆவது பிரிவின் வேலை இலக்கும் எட்டவில்லை என்று இரண்டையும் அவர் முடிச்சுப் போட்டார். இருமொழிக் கல்விக்கும் தொடர்புடைய பயிற்சிகளுக்கும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் கூடுதலாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தார்.

நுனாவிக் பகுதியில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின. தாய்மொழியில் படித்த இனுயிட் பிள்ளைகளின் தாய்மொழித் திறன் வயதுக்கேற்ப வளர்ந்தது. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ நேரடியாகச் சேர்க்கப்பட்டவர்களின் தாய்மொழி வளர்ச்சி பின்தங்கியது. தாய்மொழியில் படித்தவர்களிடம் தன்மதிப்பும் உயர்ந்தது.

மொழிக்குள் என்ன இருக்கிறது: கடல்பனியை எடுத்துக்கொள்வோம்

நுனாவுட் கல்விச் சட்டத்தின் முதல் பிரிவே, பொதுக்கல்வி 'இனுயிட் கௌயிமாயாடுகங்கிட்' என்பதன் அடிப்படையில் அமைய வேண்டும் என்கிறது. இனுயிட் மக்கள் நெடுங்காலமாக அறிந்துவந்தவற்றையும் அதிலிருந்து எழும் வாழ்க்கை நெறிகளையும் சேர்த்துக் குறிக்கும் பெயர் இது. எட்டு நெறிகளாக அதைத் தொகுத்திருக்கிறார்கள். 'பிலிம்மக்சர்னிக்' அவற்றில் ஒன்று: பார்த்து, கூட இருந்து, செய்து, தவறித் திருத்தித் திறனடைவது. நிலத்தையும் விலங்கையும் சூழலையும் பேணுவது இன்னொன்று. கூடிப் பேசி ஒருமித்து முடிவெடுப்பது மற்றொன்று.

சுவரொட்டியில் எழுதி மாட்டினால் இவை வெறும் நல்லுரை. பனியின் மேல் நின்று பார்த்தால்தான் இவற்றின் கனம் தெரியும்.

கடல்பனி ஒரே சீரான தளம் கிடையாது. முதலில் உறையும் மெல்லிய பனிக்கு 'சிகுவாக்' என்று பெயர். கரையோடு ஒட்டி, குளிர்காலம் முழுக்க நகராமல் நிற்கும் பனிக்கு 'டுவாக்'. அது முடிந்து திறந்த கடல் தொடங்கும் விளிம்பு 'சினா'. டுவாக்கின் குறுக்கே ஓடும் நீண்ட பிளவு 'ஆயுராக்'. வேட்டைக்காரர் ஒவ்வொன்றிலும் வேறு வேறு கேள்வி கேட்கிறார்.

சிகுவாக்கில் கேள்வி: ஆளைத் தாங்குமா? ஈட்டியை ஓங்கிக் குத்துகிறார்கள். ஒரே குத்தில் துளைத்துக்கொண்டு போனால் கால் வைக்கக் கூடாது. கறுத்துத் தெரிந்தால் மெல்லியது, வெளிறினால் தடிமன். ஆனால் மேலே புதுப்பனி தூவியிருந்தால் நிறத்தை நம்ப முடியாது. பனித்தூவல் போர்வைபோல வேலை செய்து அடியில் உறைதலைத் தாமதப்படுத்தும். எனவே வெள்ளைவெளேர் என்று அழகாகத் தெரியும் பரப்புத்தான் ஆளை விழுங்கும்.

ஆயுராக்கில் கேள்வி: நிலவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது? அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஓதம் கூடுகிறது; நீரோட்டம் வலுத்து, பிளவு அகலும், குறுகிய நீரிணைகளில் பனி அடியிலிருந்து தேயும். நேற்றுக் கடந்த இடம் இன்று கடக்கக்கூடியது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சினாவில் கேள்வி: காற்று எங்கிருந்து அடிக்கிறது? கரையிலிருந்து கடல் நோக்கி வீசினால் விளிம்புப் பனி பிய்த்துக்கொண்டு போகும். அதன்மேல் நிற்பவரும் சேர்ந்தே போவார்.

திசையறிய இன்னொரு முறை உண்டு. இக்லூலிக் பகுதியில் மேற்கு–வடமேற்கிலிருந்து வரும் உவாங்னாக் காற்று, பனித்தரையில் நாக்குநுனிபோன்ற இறுகிய மேடுகளை அரித்துச் செதுக்கும். அவற்றுக்கு 'உகாலுராயிட்' என்று பெயர். எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கும் என்பதால், அவற்றை எந்தக் கோணத்தில் குறுக்கிடுகிறோம் என்பதை வைத்தே இருட்டிலும் பனிமூட்டத்திலும் வழி பிடிக்கலாம். ஜிபிஎஸ் கருவி இன்று எல்லோரிடமும் இருக்கிறது, பயனுள்ளதுதான். ஆனால் அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு போடும். அந்தக் கோட்டின் நடுவே மெல்லிய பனி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. கடுங்குளிரில் மின்கலம் சட்டென்று செத்துப்போகும்.

இதற்கும் பள்ளி மொழிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மூத்த வேட்டைக்காரர் வானொலியில் எச்சரிக்கும்போது இந்தச் சொற்களில்தான் எச்சரிக்கிறார். 'சினா' எங்கே நகர்ந்திருக்கிறது, எந்த ஆயுராக் திறந்திருக்கிறது என்பது புரியாத இளைஞருக்கு அந்த எச்சரிக்கை வெறும் ஒலி. சொல் போனால், அந்தச் சொல் எதைக் கவனிக்கச் சொன்னதோ அந்தக் கவனிப்பும் போகிறது. பருவநிலை மாற்றத்தால் பனி தாமதமாக உறைந்து சீக்கிரம் உடையும் இந்தக் காலத்தில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஸ்மார்ட்ஐஸ் என்ற அமைப்பின் பணி இங்கே குறிப்பிடத்தக்கது. லாப்ரடோரில் தொடங்கிய இது, பனிவாகனம் இழுத்துச் செல்லும் சறுக்குவண்டியில் தடிமன் அளக்கும் கருவியைப் பொருத்துகிறது. ஓட்டுபவர்கள் உள்ளூர் இனுயிட் இளைஞர்கள். பாண்ட் இன்லெட் ஊரில் எங்கே அளப்பது, வரைபடத்தில் எந்தச் சொல்லால் குறிப்பது என்பதை மூத்த வேட்டைக்காரர்கள் அடங்கிய குழு வழிநடத்துகிறது. கருவி இன்றைய தடிமனைச் சொல்கிறது. நாளை நீரோட்டம் என்ன செய்யும் என்பதை மூத்தவர் சொல்கிறார். எது பெரிது என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை.

நலவாழ்வோடு எப்படி இணைகிறது

இனுயிட் பகுதிகளில் தற்கொலை விகிதம் கனடாவின் மற்றப் பகுதிகளைவிட 5 முதல் 25 மடங்கு அதிகம் என்று இனுயிட் தேசிய அமைப்பான இனுயிட் டபிரீட் கனாடமி 2016-ல் வெளியிட்ட தடுப்புத் திட்டம் சொல்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு நுனாவுட் அரசு இதை நெருக்கடி என்றே அறிவித்தது. அந்தத் திட்டம் ஆறு முன்னுரிமைகளை வைத்தது. சமூகச் சமத்துவம், பண்பாட்டுத் தொடர்ச்சி, பிறந்தது முதல் குழந்தை வளர்ப்புக்குத் துணை, மனநலச் சேவை, தீராத துயரத்தை ஆற்றுதல், இனுயிட் அறிவைப் பயன்படுத்துதல். மொழி இவற்றில் ஒன்றோடு மட்டுமே நேரடியாகச் சேரும் என்பதைக் கவனிக்க வேண்டும். தாய்மொழிப் பள்ளி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பொறுப்புள்ள யாரும் சொல்வதில்லை.

ஆனாலும் தொடர்பு உண்மையானது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் முதற்குடி ஊர்களை ஆராய்ந்து 2007-ல் வெளிவந்த ஆய்வு, பாதிப் பேருக்கு மேல் தங்கள் மொழியில் உரையாடக்கூடிய ஊர்களில் இளையோர் தற்கொலை மிகவும் குறைவு என்று கண்டது. அது இனுயிட் பற்றிய ஆய்வு அல்ல. காரண–காரியத்தையும் அது நிறுவவில்லை. மொழி உயிரோடு இருக்கும் ஊரில் மூத்தோர்–இளையோர் பேச்சும், தங்கள் அலுவல்களைத் தாங்களே நடத்தும் வழக்கமும் உயிரோடு இருக்கும். அவை எல்லாம் சேர்ந்தே காக்கின்றன என்று எடுத்துக்கொள்வது பொருந்தும்.

உணவும் இதில் அடங்கும். 2007–08 இனுயிட் நல ஆய்வில் நுனாவுட்டின் இனுயிட் வீடுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு உணவுப் பாதுகாப்பு இல்லாதவை. கடைச் சாமான் விலை விமானக் கட்டணத்தைச் சுமந்து வருகிறது. சீல் இறைச்சியில் இரும்புச்சத்து, திமிங்கிலத் தோலான மக்டாக்கில் வைட்டமின் சி என்று வேட்டையுணவு சத்து நிறைந்தது. அதைப் பிடிக்கத் தெரிந்தவர் குறைந்தால் தட்டில் வருவது குறையும். ஆர்வியட் ஊரில் இளையோருக்கு மூத்தவர்களைக் கொண்டு வேட்டை கற்பிக்கும் திட்டம் நடக்கிறது. பிள்ளைகள் பிடிக்கும் இறைச்சி ஊருக்குள் பகிரப்படுகிறது. அதைச் சுற்றுச்சூழல் பாடம் என்றும் சொல்லலாம், ஊட்டச்சத்துத் திட்டம் என்றும் சொல்லலாம், மனநலப் பணி என்றும் சொல்லலாம். அரசின் நிதி ஒதுக்கீட்டில் இவை மூன்றும் மூன்று துறைகள் என்பதுதான் நடைமுறைத் தலைவலி.

கெடு ஏன் தவறியது

கனடா தலைமைத் தணிக்கையாளர் 2013-லேயே சொல்லிவிட்டார்: இருமொழி ஆசிரியர்கள் போதவில்லை, 2019–20 இலக்கை எட்ட முடியாது என்று. எனவே இது திடீரென்று வந்த தோல்வி இல்லை. பற்றாக்குறை எப்படித் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது என்று பாருங்கள்.

1. தாய்மொழியில் பாடம் நடத்த, இனுக்டுட்டில் எழுதப்படிக்க நன்றாகத் தெரிந்த, பள்ளிப்படிப்பும் ஆசிரியர் பட்டமும் முடித்தவர் வேண்டும். பள்ளிப்படிப்பை முடிப்பவர்களே குறைவு.

2. முடித்தவர்களை எல்லோரும் தேடுகிறார்கள். 23-ஆவது பிரிவின் இலக்கை நிரப்ப ஒவ்வொரு அரசு அலுவலகமும் இருமொழி தெரிந்த இனுயிட் பட்டதாரிக்காகக் காத்திருக்கிறது. மாலை முழுக்க விடைத்தாள் திருத்த வேண்டாத வேலை, பல நேரம் கூடுதல் சம்பளத்தோடு. வகுப்பறை தோற்றுப்போகிறது.

3. ஆசிரியர் பயிற்சி 1979-ல் கிழக்கு ஆர்க்டிக் திட்டமாகத் தொடங்கி, இன்று நுனாவுட் ஆர்க்டிக் கல்லூரி வழியாக ஊர்களிலேயே நடத்தப்படுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் சேருபவர்களில் பலர் குழந்தைகள் உள்ள பெண்கள். குழந்தைக் காப்பகத்தில் இடம் இல்லையென்றால் படிப்பு நின்றுவிடும்.

4. வீடு. இனுயிட் தாயகத்தில் பாதிக்கும் மேற்பட்ட இனுயிட் நெரிசலான வீடுகளில் வாழ்கிறார்கள். தெற்கிலிருந்து வரும் ஆசிரியருக்கு அரசுக் குடியிருப்பு கிடைக்கிறது. அது இல்லாமல் அவர் வரவே மாட்டார். உள்ளூர் ஆசிரியர் ஏற்கெனவே பெற்றோர் வீட்டில் இருப்பதால் வரிசையில் பின்னால் போகிறார். எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் அடுத்த நாள் பாடத்தைத் தயாரிப்பது எப்படி என்று யோசித்தால் போதும்.

5. தெற்கிலிருந்து வருபவர்களில் பலர் ஓரிரு ஆண்டில் திரும்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு கல்வியாண்டிலும் பிள்ளைகள் புதிய முகத்தோடு முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

கணக்காக வைத்துப் பார்க்கலாம். மழலையர் வகுப்பு முதல் 12 வரை வகுப்புக்கு ஒருவர் என்றால், ஒரு சிறிய ஊருக்கே 13 இருமொழி ஆசிரியர் வேண்டும். அந்த ஊரில் பயிற்சியில் பத்துப் பேர் சேர்ந்து, ஐந்து பேர் முடித்து, இருவர் அலுவலக வேலைக்குப் போனால் மீதி மூவர். அதற்குள் ஒருவர் ஓய்வு பெறுவார். இப்படி 25 ஊர்கள்.

மூத்தோரைப் பள்ளிக்கு அழைத்து இதை ஓரளவு ஈடுகட்டலாம். கல்விச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. நடைமுறையில் அவர்கள் பெரும்பாலும் வாரத்துக்குச் சில மணிநேரம் வரும் விருந்தினர்களாக, பாடத்திட்டத்துக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்கள். உதாரணத்துக்குத் தோல் காலணி தைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சீல் தோலின் தடிமனில் பாதி வரை மட்டுமே ஊசி போக வேண்டும். மறுபக்கம் துளைத்தால் நீர் ஒழுகும். நரம்பு நூல் நனைந்ததும் உப்பித் துளையை அடைக்கும். இதைக் கற்க ஒரு பருவம் வேண்டும். 40 நிமிடப் பாடவேளையில் அதை அடைத்தால் மிஞ்சுவது கைவினைப் பொம்மை.

எழுத்தும் பாடநூலும்

இன்னொரு சிக்கல் எழுத்து. நுனாவுட்டின் பெரும்பகுதியில் அசையெழுத்து வழங்குகிறது. அதில் வடிவம் மெய்யையும், வடிவம் திரும்பியிருக்கும் திசை உயிரையும் காட்டும்: கூரைபோன்ற கோணம் மேல்நோக்கினால் 'பி', வலப்பக்கம் நோக்கினால் 'பு', இடப்பக்கம் நோக்கினால் 'ப'. உயிர்மெய் பழகிய தமிழருக்கு ஒரு நாளில் பிடிபடும். ஆனால் மேற்கு நுனாவுட்டும் லாப்ரடோரும் ரோமன் எழுத்தைப் பயன்படுத்துகின்றன. அதிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு. இனுயிட் டபிரீட் கனாடமி 2019-ல் எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவான ஒரு ரோமன் முறையை ஏற்றது. அசையெழுத்தைத் தங்கள் அடையாளமாகக் கருதுபவர்கள் இதை ஏற்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியது. மறுபக்கம், ஓர் இயற்பியல் பாடநூலைப் பல வழக்குகளில், இரண்டு எழுத்தில், சில நூறு படிகள் மட்டும் அச்சிடும் செலவும் உண்மையானது. நுனாவுட் நீண்ட காலம் ஆல்பர்ட்டா மாகாணத்தின் மேல்நிலைப் பாடங்களையே நம்பியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முடியாத காரியமா? கிரீன்லாந்தைப் பாருங்கள்

கடலுக்கு அப்பால் கிரீன்லாந்தில் சுமார் 56,000 பேர். அவர்களின் காலாலிசுட், இனுக்டிடுட்டின் நெருங்கிய உறவு மொழி. 2009 முதல் அதுவே அங்கே ஒரே ஆட்சிமொழி. பள்ளியில் முதன்மைப் பயிற்றுமொழியும் அதுதான். வேறுபாட்டுக்குக் காரணம் அண்மைய சட்டம் மட்டுமில்லை. நூக் நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1840-களிலேயே தொடங்கிவிட்டது. 1861-லிருந்து காலாலிசுட்டில் செய்தித்தாள் வந்தது. எழுதப்படிக்கத் தெரிந்த உள்ளூர் ஆசிரியர்கள் பல தலைமுறைகளாக இருந்ததால், 1950–60-களில் டேனிஷ் மொழி திணிக்கப்பட்டபோதும், 1979-ல் தன்னாட்சி வந்ததும் மீள முடிந்தது. அங்கேயும் உயர்கல்விக்கு டேனிஷ் இன்றி நகர முடியாத சிக்கல் இருக்கிறது. ஆனாலும் சங்கிலியின் முதல் கண்ணி ஆசிரியரே என்பதை அந்த வரலாறு காட்டுகிறது.

வழக்கு எதைக் கேட்கிறது

2020 திருத்தம் கெடுவை மட்டும் தள்ளவில்லை. கடமையின் அளவையும் சுருக்கிவிட்டது என்பது நுனாவுட் டுங்காவிக்கின் முக்கியக் குற்றச்சாட்டு. பழைய சட்டம் இனுயிட் மொழியைப் பயிற்றுமொழியாக்கச் சொன்னது. திருத்தத்துக்குப் பின் உறுதியாக மிஞ்சுவது மொழிப்பாடம். கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்திலேயே தொடரலாம். செய்திகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் தவறிவிடுகிறது. '2039-ல் இனுக்டுட் கல்வி வரும்' என்று படித்தால், அது ஒரு பாடவேளையைக் குறிக்கிறதா முழுப் பள்ளியையும் குறிக்கிறதா என்று கேட்க வேண்டும்.

சட்ட அடித்தளம் கனடா உரிமைகள் சாசனத்தின் 15-ஆவது பிரிவு, சமத்துவம். நுனாவுட்டின் தலைநகரான இக்காலுயிட்டில் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சில நூறு பேர். சாசனத்தின் 23-ஆவது பிரிவு அவர்களின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுவழிப் பள்ளியை உறுதிசெய்கிறது. அப்படி ஒரு பள்ளி இயங்கவும் செய்கிறது. (மேலே சொன்ன நில ஒப்பந்தத்தின் 23-ஆவது பிரிவு வேறு, எண் ஒன்றாக இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பெரும்பான்மை இனுயிட்டுக்கு அதற்கு இணையான பாதுகாப்பு சாசனத்தில் இல்லை. ஆங்கிலமும் பிரெஞ்சும் கிடைக்கும் ஊரில் இனுக்டுட் மட்டும் கிடைக்காதது பாகுபாடா என்பதே நீதிமன்றத்தின் முன் இருக்கும் கேள்வி.

தீர்ப்பு எப்படி வந்தாலும் ஆசிரியர்களை நீதிமன்றத்தால் உருவாக்க முடியாது. பணத்தையும் கெடுவையும் கட்டாயப்படுத்த முடியும். ஆகவே இனி வரும் செய்திகளில் அறிவிப்புகளைவிட மூன்று எண்களைத் தேடிப் பார்ப்பது பயன் தரும்: ஆசிரியர் பயிற்சியை ஒவ்வோர் ஆண்டும் முடிப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் வகுப்பறையில் இருப்பவர்கள் எத்தனை பேர், உள்ளூர் ஆசிரியர்களுக்கு ஒதுக்கப்பட்ட குடியிருப்புகள் எத்தனை. முதல் எண்ணைத்தான் அமைச்சர்கள் விழா மேடையில் சொல்வார்கள். மற்ற இரண்டையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.